அட்டையில் இருக்கும் பெயர் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இருபது வருடங்களுக்கு மேல் நூலகத்தில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்காலம் சிறுவர் பிரிவில். அங்கே உட்கார்ந்திருந்தால் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பெரியவர்கள் எழுத்தாளர் பெயரைச் சொல்லிப் புத்தகம் கேட்பார்கள். "அவரோட புதுசு வந்திருக்கா?" என்பார்கள். குழந்தைகள் அப்படிக் கேட்பதில்லை. "ஒரு நாய் வருமே சார், அந்தப் புத்தகம்", "நாலு பேரும் குகைக்குள்ள மாட்டிக்குவாங்களே, அது" என்று கேட்பார்கள். எழுதியவர் யார் என்றால் விழிப்பார்கள்.

ஒரே ஒரு சிறுமி விதிவிலக்கு. பத்து வயது இருக்கும். நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணின் கதைகளை வரிசையாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நாலாக மடித்த கடிதம் ஒன்றை என் மேசையில் வைத்து, "இதைக் கரோலின் கீன் ஆன்ட்டிக்கு அனுப்பணும், அட்ரஸ் தாங்க சார்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கரோலின் கீன் என்று யாரும் கிடையாது. இருந்ததும் இல்லை.

எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்றொரு அமெரிக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர் கதைகளை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தியவர். கதையின் கரு, பாத்திரங்கள், எந்த அத்தியாயத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு மூன்று பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு போய் யாராவது ஒருவர் முழுப் புத்தகமாக எழுதித் தருவார். ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்தில் போய் நிற்க வேண்டும், புத்தகத்தின் தொடக்கத்திலேயே முந்தைய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை வர வேண்டும். இதெல்லாம் அங்கே எழுதப்படாத சட்டம். அட்டையில் ஒரு கற்பனைப் பெயர் போட்டுவிடுவார்கள். பாப்சி இரட்டையர் கதைகளுக்கு லாரா லீ ஹோப், 1927இல் வந்த ஹார்டி சகோதரர்களுக்கு ஃபிராங்க்ளின் டபிள்யூ. டிக்சன், 1930இல் வந்த நான்சி ட்ரூவுக்குக் கரோலின் கீன். நான்சியின் முதல் புத்தகங்கள் வெளிவந்து இரண்டு வாரத்துக்குள் ஸ்ட்ராட்மேயர் இறந்துபோனார். நிறுவனத்தை அவருடைய மகள்கள் ஏற்று நடத்தினார்கள்.

அப்படியானால் அந்தக் கதைகளை எழுதியது யார்? ஆரம்பக் கதைகளைப் பொறுத்தவரை, மில்ட்ரெட் வர்ட் பென்சன் என்ற இளம்பெண். அயோவா பல்கலைக்கழகத்தில் இதழியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். முதல் 30 புத்தகங்களில் 23 அவர் எழுதியவை. ஒரு புத்தகத்துக்கு 125 டாலர். அவ்வளவுதான். விற்பனையில் பங்கு கிடையாது, உரிமை கிடையாது, நான்தான் எழுதினேன் என்று வெளியே சொல்லவும் கூடாது. பொருளாதார நெருக்கடி வந்தபோது அந்தத் தொகையையும் 75 ஆகக் குறைத்தார்கள். அவர் முடியாது என்றார். உடனே வேறொருவரை வைத்து மூன்று புத்தகங்களை எழுதவைத்துக்கொண்டார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லை. கரோலின் கீன் வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தார்!

இந்த ரகசியம் ஐம்பது வருடம் தாங்கியது. 1980இல் இரண்டு பதிப்பகங்களுக்கு இடையே வழக்கு வந்து, பென்சன் நியூயார்க்கில் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஸ்ட்ராட்மேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ் அதுவரை தானே கரோலின் கீன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பென்சனை நேரில் பார்த்ததும், "நீங்கள் செத்துப்போய்விட்டதாக அல்லவா நினைத்தேன்" என்று கேட்டதாகச் சொல்வார்கள். ஹாரியட்டைக் கெட்டவராகக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் பல நான்சி கதைகளை எழுதியிருக்கிறார். 1959இலிருந்து பழைய புத்தகங்களைச் சுருக்கித் திருத்தி எழுதவைத்ததும் அவர்தான். ஆகவே நீங்கள் சின்ன வயதில் படித்த நான்சி, பென்சனின் நான்சியாக இல்லாமலும் இருக்கலாம். பென்சனின் நான்சி கொஞ்சம் துடுக்கானவள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவாள், காரை வேகமாக ஓட்டுவாள். திருத்திய பதிப்பில் அவள் ரொம்பவும் நல்ல பெண்ணாகிவிட்டாள். எனக்குப் பழையவள்தான் பிடிக்கும்.

இதைக் கேட்டதும் பலர், "அப்படியென்றால் இது மோசடிதானே?" என்று கேட்பார்கள். புனைபெயரில் எந்த மோசடியும் இல்லை என்பது என் அபிப்பிராயம். எழுதிய பெண்ணை வாய் திறக்காதே என்று ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைத்தார்களே, அதுதான் அநியாயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புனைபெயர் நமக்கென்ன புதிதா? ரங்கராஜன் என்ற பொறியாளர் தன் மனைவியின் பெயரில் சுஜாதாவாக எழுதினார். ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் திருவரங்கத்தின் வரலாற்றை நாவலாக்கியவரே புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் விறுவிறுப்பான குற்றக் கதைகளும் எழுதினார். ஒரே கை, இரண்டு அலமாரி. இது ஏன் தேவைப்படுகிறது என்பதைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு காரணம், பெயரை வைத்தே வாசகர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். பதின்பருவத்தினருக்கான நாவல் என்றாலே 1960களின் அமெரிக்காவில் பள்ளி நடன விழாவுக்கு யாருடன் போவது என்ற ரகக் கதைகள்தான் அதிகம். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் ஒரு பள்ளி மாணவிக்கு அது எரிச்சலாக இருந்தது. தன்னைச் சுற்றி நடப்பதோ வேறு. பணக்காரப் பையன்களும் ஏழைப் பையன்களும் கோஷ்டி பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள், அதை யாரும் எழுதவில்லை. பதினைந்து வயதில் அவளே எழுத உட்கார்ந்தாள். அந்த நாவல் 1967இல் வந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. சூசன் எலோயிஸ் ஹிண்டன் என்ற பெயர் அட்டையில் எஸ்.இ. ஹிண்டன் ஆயிற்று. இப்படிப்பட்ட கதையை ஒரு பெண் எழுதினாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் படிக்கும் முன்பே ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் யோசித்தார்கள். நாவல் எழுதிக்கொண்டிருந்த அதே வருடம் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் தனக்குக் கிட்டத்தட்ட தோற்கிற மதிப்பெண் என்று ஹிண்டனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

முப்பது வருடம் கழித்தும் அதே யோசனை மாறவில்லை. 1997இல் ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் அச்சானது. ஜோன் ரௌலிங் என்ற பெயரைப் பார்த்தால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பதிப்பகத்தார் நினைத்தார்கள். இரண்டு முதலெழுத்தாகப் போடலாம் என்றார்கள். அவருக்கோ நடுப்பெயர் கிடையாது. பாட்டி கேத்லீனிடமிருந்து ஒரு 'கே'யைக் கடன் வாங்கிக்கொண்டார். ஜே.கே. ரௌலிங் பிறந்தது அப்படித்தான்.

நான் பார்த்தவரையில் பையன்கள் அட்டையில் டிராகன் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பெண் பெயர் என்று ஒரு புத்தகத்தைத் திருப்பி வைத்த பையனை நான் கண்டதில்லை. "இதை ஏண்டா எடுக்கிற, இது பொண்ணுங்க படிக்கிறது" என்று பிடுங்கி வைத்த அப்பாக்களைக் கண்டிருக்கிறேன். சரி, அது வேறு விஷயம்.

இப்போது பெரியவர்கள் கதைக்கு வருகிறேன். அதே ரௌலிங் 2013 ஏப்ரலில் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். எழுதியவர் ராபர்ட் கால்பிரெய்த் என்ற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் என்று அறிவிப்பு. நல்ல விமர்சனங்கள்கூட வந்தன. விற்றது என்னவோ கெட்டி அட்டையில் சுமார் 1,500 பிரதிகள். ஜூலையில் ஒரு லண்டன் செய்தித்தாள் உண்மையைப் போட்டு உடைத்தது. அவ்வளவுதான், புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. உள்ளே ஒரு வரி மாறவில்லை.

அதைக் கண்டுபிடித்த விதமும் சுவாரஸ்யமானது. துப்பு ஒன்று கிடைத்ததும் அந்தச் செய்தித்தாள் மொழியை ஆராயும் நிபுணர்களிடம் நாவலைக் கொடுத்தது. பாட்ரிக் ஜுவோலா என்ற பேராசிரியர் கணினியில் போட்டு ரௌலிங்கின் நடையோடும் வேறு சில எழுத்தாளர்களின் நடையோடும் ஒப்பிட்டார். அவர் தேடியது அபூர்வமான சொற்களை அல்ல. சொற்களின் நீளம், அடுத்தடுத்து வரும் சொல் ஜோடிகள், எல்லோரும் சாதாரணமாகப் புழங்கும் சின்னச் சின்னச் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது போன்றவற்றை எண்ணினார். நம் மொழியில் என்றால், ஒருவர் எத்தனை முறை 'ஆனால்' போடுகிறார், எத்தனை முறை 'என்று' போடுகிறார் என்று எண்ணுவது மாதிரி. பெரிய வார்த்தைகளை ஒருவர் வேண்டுமென்றே மாற்றிக்கொள்ள முடியும். இந்தப் பொடிச் சொற்கள் கை தானாக எழுதுபவை.

ஆனால் இதற்குக் கணினி தேவையில்லை என்று குழந்தைகள் எப்போதோ காட்டிவிட்டார்கள். 1940களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டன் சில புத்தகங்களை மேரி போலக் என்ற பெயரில் எழுதினார். மேரி அவருடைய நடுப்பெயர், போலக் முதல் கணவரின் குடும்பப் பெயர். ஒரு விமர்சகர் ஏமாந்துபோய், இந்தப் புதியவரிடம் பிளைட்டன் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிற பொருளில் எழுதிவிட்டார். வாசகர்கள் ஏமாறவில்லை. இது உங்கள் எழுத்துத்தானே, ஏன் வேறு பெயர் என்று ஆசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் புகார் போனது. பின்னால் வந்த பதிப்புகள் எல்லாம் பிளைட்டன் பெயரிலேயே வந்தன. எழுதியவர் பெயர் கேட்டால் விழிக்கிற அதே குழந்தைகள், குரலை மட்டும் மறப்பதில்லை.

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் கதை தெரிந்திருக்கும். வருடத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் போட்டால் சந்தை தாங்காது என்று அந்தக் காலத்துப் பதிப்பகங்கள் நம்பின. அவருக்கோ கை நிற்காது. ஆகவே 1977இலிருந்து ரிச்சர்ட் பாக்மன் என்ற பெயரில் இன்னொரு வரிசை. தன் வெற்றி திறமையால் வந்ததா அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று பார்க்கும் ஆசையும் அவருக்கு இருந்தது. ஆனால் புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒருவருக்கு நடையைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிப்புரிமைப் பதிவுகளைத் தோண்டி, ஒரு புத்தகத்துக்குக் கிங்கின் சொந்தப் பெயரே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். 1985இல் விஷயம் வெளியானதும், பாக்மன் 'புனைபெயர்ப் புற்றுநோய்' வந்து இறந்துவிட்டார் என்று கிங் அறிவித்தார். பாக்மனின் கடைசிப் புத்தகம் அதுவரை 28,000 பிரதி விற்றிருந்தது. உண்மை தெரிந்த பிறகு அதைப்போலப் பத்து மடங்கு. அதிர்ஷ்டமா திறமையா என்ற கேள்விக்கு விடை வருவதற்குள் சோதனை கலைந்துவிட்டது என்று அவருக்கு வருத்தம்.

பெயருக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறதென்றால் அதற்கு விலை போட முடியுமா? போட்டிருக்கிறார்கள். வி.சி. ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், குடும்பத்துக்குள் நடக்கும் பயங்கரங்களைக் கதையாக்கியவர். அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பதினான்கு வயதுப் பெண்கள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவையும் அவைதான். 1986இல் அவர் இறந்தார். புத்தகங்கள் நிற்கவில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடு ஆண்ட்ரூ நைடர்மன் என்ற நாவலாசிரியர் அதே பெயரில் தொடர்ந்து எழுதினார். அவர் எழுதியவை ஆண்ட்ரூஸ் உயிரோடு இருந்தபோது எழுதியவற்றைவிடப் பல மடங்கு அதிகம். வருமான வரித்துறை சும்மா இருக்குமா? ஆண்ட்ரூஸ் விட்டுச்சென்ற சொத்துகளில் அவருடைய பெயரும் ஒன்று, அதற்கும் வரி கட்டுங்கள் என்றது. வழக்கு நீதிமன்றம் போனது. வரித்துறை பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்பிட்டது. 1994இல் நீதிமன்றம் அதை ஏழு லட்சத்துச் சொச்சம் டாலராகக் குறைத்துத் தீர்ப்பளித்தது. வீடு, நகை, வங்கிக் கணக்கு, அப்புறம் ஒரு பெயர்.

அந்தச் சிறுமிக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். அன்றைக்குப் பதிப்பகத்தின் முகவரியைத் தேடி எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய் சொன்ன மாதிரி உறுத்தியது. அடுத்த முறை வந்தபோது உண்மையைச் சொன்னேன்: "கரோலின் கீன் ஒரே ஆள் இல்லம்மா, நிறையப் பேர்." அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தப் புக்கை எழுதினது யாரு? போன வாரப் புக்கை எழுதினது யாரு? போன வாரத்ததுதான் நல்லா இருந்துச்சு" என்றாள். என்னிடம் அந்தப் பட்டியல் இல்லை. அதன் பிறகுதான் நானே தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மில்ட்ரெட் பென்சன் என்ற பெயர் எனக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

பென்சன் பிற்பாடு ஒஹையோவின் டொலீடோ நகரத்துச் செய்தித்தாளில் நிருபராக இருந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 2002இல், தொண்ணூற்றாறு வயதில் இறக்கும்வரை தன் சொந்தப் பெயரில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். நான்சியை எழுதிய அவருடைய பழைய அண்டர்வுட் தட்டச்சு இயந்திரம் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் பதிவில் இருப்பது அவருடைய பெயர். கரோலின் கீனுடையது அல்ல.

வணக்கம்.