நிலச் சட்டமும் கௌரியம்மாவும்

அவையோருக்கு வணக்கம்.

கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர் கே. ஆர். கௌரியம்மாவின் பெயரைச் சொன்னால், 1987இல் கைக்கு எட்டிய முதலமைச்சர் பதவி வாய்க்கு எட்டாமல் போன கதையைத்தான் பலரும் முதலில் எடுக்கிறார்கள். அந்தக் கதை பொய்யன்று. கேரளத்தைக் கௌரி ஆள்வார் என்ற முழக்கம் அந்தத் தேர்தலில் ஊரெங்கும் ஒலித்தது. இடது முன்னணி வென்ற பிறகு நாற்காலியில் அமர்ந்தவர் ஈ. கே. நாயனார். ஆனாலும் சட்டமன்றத்தில் ஒரு வாழ்நாளைக் கழித்தவரை, அவருக்குக் கிடைக்காத பதவியைக் கொண்டு அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் கொண்டுவந்த சட்டம் யாருக்கு உதவியது, யாரைக் கைவிட்டது என்றே பார்க்க விரும்புகிறேன்.

அவர் 1919 ஜூலை 14 அன்று, சேர்த்தலைக்கு அருகிலுள்ள பட்டணக்காட்டில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். எர்ணாகுளத்தில் பட்டப்படிப்பையும் திருவனந்தபுரத்தில் சட்டப்படிப்பையும் முடித்து, சேர்த்தலையில் வழக்குரைஞரானார். தொழிற்சங்கவாதியான அண்ணன் சுகுமாரன் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். சிறை சென்றார், காவலர்களிடம் தாம் பட்ட வதையைப் பின்னாளில் கூசாமல் வெளிப்படையாகப் பேசினார். 1952இலும் 1954இலும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1957 ஏப்ரல் 5 அன்று ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பதவியேற்ற பதினொருவர் அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண். வருவாய்த் துறை அவரிடம் வந்தது. ஒரு வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 11 அன்று, குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நிலவுடைமையாளரான ஜன்மியின் தென்னந்தோப்பில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு, அவர் நிலத்திலேயே வேலை செய்து பிழைத்தவர்களைக் குடிகிடப்புக்காரர் என்பார்கள். ஜன்மிக்கு மனம் கோணினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தால் அது முழுமையாக நிறைவேறுவதற்குள் ஆட்களைக் காலி செய்துவிடுவார்கள் என்பதை, அந்த ஊர் நீதிமன்றங்களில் வழக்காடியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலவுறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31 அன்று அரசே கலைக்கப்பட்டது. பிறகு வந்த அரசு அதைத் திருத்திச் சட்டமாக்கியது, அதன் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது, 1963இல் வேறொரு சட்டம் வந்தது. 1967இல் மீண்டும் வருவாய் அமைச்சரான கௌரியம்மா அந்தச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் 1969இல் நிறைவேறியது; 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாகுபடி செய்த குத்தகைதாரருக்கு நிலம் உரிமையாயிற்று. குடிகிடப்புக்காரருக்குக் குடிசையைச் சுற்றி ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று சென்ட் நிலம் வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. காசர்கோட்டு மடாதிபதி கேசவானந்த பாரதி சுவாமிகள் உச்ச நீதிமன்றம் சென்று, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற 1973ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கும் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடங்கியதே. சட்டக் கல்லூரி மாணவர்கள் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். அது பத்து சென்ட் நிலத்தோடு தொடர்புள்ள வழக்கு என்பதை ஏனோ மறந்துவிடுவார்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். வயல் கிடைத்தது குத்தகைதாரருக்கு; அந்த வயலில் நாற்று நட்ட தலித் கூலித் தொழிலாளிக்குக் கிடைத்தது குடிசை மனை மட்டுமே. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பழங்குடியினரின் நிலப் பிரச்சினையை இச்சட்டம் தீர்க்கவில்லை.

சொந்த வாழ்க்கையையும் கட்சி விட்டுவைக்கவில்லை. 1957இல் சக அமைச்சர் டி. வி. தாமஸை மணந்தார், 1964இல் கட்சி உடைந்தபோது கணவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பக்கமும் மனைவி மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கமும் நின்றார்கள். 1967இல் இருவரும் ஒரே அமைச்சரவையில் வெவ்வேறு கட்சியின் பிரதிநிதிகளாக அமர்ந்தார்கள். 1994இல் மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. தனிக் கட்சி கண்டு காங்கிரஸ் அணிக்குப் போனார், அதன் ஆட்சியில் 2001 முதல் 2006 வரை அமைச்சராகவும் இருந்தார். 2006இல் அரூர் தொகுதியில் தோற்றார். 2021 மே 11 அன்று 101 வயதில் மறைந்தார்.

அவருடைய பிற்காலத்தில் நான் பெரிதாக மதிப்பது அமைச்சர் பதவியை அன்று, 1996இல் சட்டமன்றத்தில் அவர் அளித்த ஒரே ஓர் எதிர்ப்பு வாக்கை. பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத்தர 1975இலேயே கேரளம் சட்டம் இயற்றியிருந்தது. விதிகள் வகுக்கவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் நெருக்கியதும், நிலத்தை மீட்பதற்குப் பதிலாக, 1986 ஜனவரி வரை நடந்த கைமாற்றங்களைச் செல்லத்தக்கதாக்கும் திருத்த மசோதாவை அரசு கொண்டுவந்தது. அந்த நிலங்களில் குடியேறிய விவசாயிகளின் வாக்குகளை இழக்க இரு அணிகளுக்கும் துணிவில்லை. 140 உறுப்பினர் கொண்ட அவையில், அவரை நீக்கிய கட்சியும் அவர் சேர்ந்திருந்த அணியும் ஒருசேர அந்த மசோதாவை ஆதரித்தபோது, எதிர்த்தவர் கௌரியம்மா ஒருவர்தான். குடியரசுத் தலைவரும் பின்னர் அதற்கு ஒப்புதல் தரவில்லை.