கனவு கண்டவளுக்கு 100 கசையடி

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். லுக்ரேசியா தெ லியோன், 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் மாட்ரிட்காரி. அப்பா வழக்கு வேலைகளைப் பார்த்துக்கொடுப்பவர், வசதி அதிகமில்லை, இவளுக்குப் படிப்பும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே கனவு வரும், காலையில் எழுந்ததும் வீட்டில் சொல்வாள், அப்பாவுக்கு அது அறவே பிடிக்காது, மிரட்டியும் பார்த்தார்.

1587-இல் அவளுக்கு 19 வயது இருக்கும்போது விஷயம் அலோன்சோ தெ மெந்தோசா காதுக்குப் போனது. தொலேதோ நகரப் பேராலயத்தில் செல்வாக்குள்ள குரு அவர். லூக்காஸ் தெ அல்லெந்தே என்ற பிரான்சிஸ்கன் துறவியையும் சேர்த்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். மூன்று வருஷத்துக்குள் 400-க்கும் மேல் கனவுகள்!

'சாதாரண மனிதன்' என்று அவள் பெயர் வைத்த ஒருவர் கனவில் வந்து கூட்டிக்கொண்டு போவார், கடற்கரையில் இரண்டு மீனவர்கள் இருப்பார்கள், அங்கிருந்து எல்லாம் தெரியும்: ஸ்பெயினின் கப்பற்படை இங்கிலாந்திடம் தோற்பது, ராஜா இரண்டாம் பிலிப் வரி போட்டு ஏழைகளைப் பிழிவது, எதிரிகள் நாட்டுக்குள் புகுவது. கப்பற்படை நிஜமாகவே 1588-இல் தோற்றது. அப்புறம் கேட்கவா வேண்டும்! நம்பியவர்கள் தொலேதோ அருகே தாஹோ ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குகையில் தானியம் சேர்த்துவைத்து, அழிவுக்குப் பிறகு நாட்டை மீட்கப்போகிறோம் என்று ஒரு சபையே கூட்டினார்கள்.

அவள் நிஜமாகவே கண்டாளா, கட்டிச் சொன்னாளா என்று கேட்பீர்கள். என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்த ராஜா சரியில்லை என்று ஓர் இளம்பெண் தன் கருத்தாகச் சொன்னால் யார் காதுகொடுப்பார்கள்? அதையே கனவு என்று சொன்னதும் படித்த பெரியவர்கள் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்கள். இங்கிலாந்திலும் எலிசபெத் பார்ட்டன் என்ற வேலைக்காரப் பெண், ராஜா எட்டாம் ஹென்றியின் மறுமணத்துக்கு எதிராக அருள்வாக்குச் சொல்லி 1534-இல் தூக்கில் தொங்கினாள்.

1590 மே மாதம், ராஜாவின் உத்தரவுப்படியே லுக்ரேசியா கைதானாள். அப்போது அவள் கர்ப்பிணி. கனவுகளை எழுதிய தியேகோ தெ வித்தோரெஸ்தான் குழந்தைக்குத் தகப்பன். தொலேதோவில், மத விரோதக் கருத்துகளை விசாரித்துத் தண்டிக்கும் மத விசாரணை மன்றத்தின் சிறையில் பெண் குழந்தை பிறந்தது. சித்திரவதையும் செய்தார்கள். கனவுதான் என்னுடையது, அர்த்தம் சொன்னவர்கள் அவர்கள் என்பதுதான் அவள் வாதம். எடுபடவில்லை. ஐந்து வருஷம் இழுத்து, 1595 ஆகஸ்டில் தீர்ப்பு: 100 கசையடி, மாட்ரிட்டுக்குள் நுழையக் கூடாது, இரண்டு வருஷம் ஒரு மடத்தில் அடைபட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவளும் அந்தக் குழந்தையும் என்ன ஆனார்கள் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. அவளைத் தண்டிக்கச் சாட்சியாக எடுத்துவைத்த கனவுத் தாள்கள் மட்டும் மாட்ரிட் தேசிய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.