உங்கள் கிணற்று மோட்டாருக்குள் தண்ணீர் கொதிக்கிறதுங்க!

வணக்கமுங்க! முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

[மோட்டார் ஓடும் சத்தம். நடுநடுவே ஜல்லி உருள்வது போல் கரகரவென்று.]

பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் பதிவு செய்தது. உள்ளே ஜல்லியும் இல்லை, மண்ணும் இல்லை. தண்ணீர் கொதிக்கிறது! வாய்க்காலில் விழும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

நம் ஊரில் 'தண்ணி காய வை' என்போம். காய்வது வேறு, கொதிப்பது வேறு. காய்வது சூடேறுவது. கொதிப்பது, தண்ணீருக்குள்ளேயே ஆவிக்குமிழ் கிளம்புவது. மேலே காற்று அழுத்துவதால் குமிழ் உருவாகும்போதே நசுங்கிவிடும். 100 டிகிரியில்தான் அதைத் தாங்கும் வலு ஆவிக்கு வருகிறது. காற்றழுத்தம் குறைந்தால் அவ்வளவு சூடு வேண்டாம். ஊட்டியில் சுமார் 93 டிகிரியே போதும், அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகத் தாமதமாகும். அழுத்தம் 24-இல் ஒரு பங்கானால்? வெறும் 30 டிகிரி!

[ஊசி கழற்றிய சிரிஞ்ச், கிட்டத்தில்.]

கொதிக்க வைத்து, 60 டிகிரிக்கு ஆறிய தண்ணீர். பாதி உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, முனையை விரலால் அடைத்து, பின்பக்கம் இழுக்கிறேன். பாருங்கள், குபுகுபுவென்று! விட்டால் அடங்கிவிடும். பச்சைத் தண்ணீரிலும் குமிழ் வரும், ஆனால் அதில் பெரும்பாலும் கரைந்திருந்த காற்றுதான். அதனால்தான் கொதிக்க வைத்து எடுத்தேன்.

சரி, கிணற்றுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடமே இதுதான். மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். அது பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் இருக்கும் காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்திலேயே அந்தத் தள்ளலுக்கு எல்லை சுமார் 34 அடி. எவ்வளவு குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. நடைமுறையில் 20, 25 அடிக்கே திணறும். நம் பக்கத்து ஆழக் கிணறுகளில் பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்த பெரியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரிந்திருக்கிறது. என்ன ஒரு கணக்கு!

கோடையில் நீர்மட்டம் இறங்கினாலோ, தண்ணீருக்குள் இருக்கும் பைப்பின் அடிமுனை வால்வான ஃபுட் வால்வில் இலைதழை அடைத்தாலோ, மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரின் வாயில் அழுத்தம் விழுந்துவிடும். அங்கேயே பச்சைத் தண்ணீர் கொதித்துக் குமிழாகும். ஒரு விரற்கடை தள்ளிப் போனதும் அழுத்தம் மறுபடி ஏறும், குமிழ் ஒரே நொடியில் உடைந்து சுற்றியிருக்கும் தண்ணீர் உலோகத்தில் அறையும். அந்தக் கரகரப்பு இதுதான்.

[பழைய இம்பெல்லர், கையில்.]

இந்த இறக்கையைத் தடவினேன். ஓரமெல்லாம் கரையான் அரித்த மரம் மாதிரிப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. இரும்பை அரித்தது குமிழ்!

உங்கள் மோட்டாரில் இந்தச் சத்தம் கேட்டால் முதலில் ஃபுட் வால்வைத் தூக்கிப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டியதுதான். உங்கள் கிணற்றில் தண்ணீருக்கும் மோட்டாருக்கும் எத்தனை அடி? அளந்து கமெண்டில் போடுங்க!