ஒரே முகவரியா, வேறு முகவரியா?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கணினித் துறைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் இருக்கை போட்டுவிட்டுத் தாங்கள் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் மாணவத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரை சொன்ன தங்கை தொழில்நுட்பச் சொற்களைத் தடுமாறாமல் தமிழில் சொன்னார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. தலைவர் அவர்கள் தம் வேலைகளுக்கு நடுவே கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் நன்றி.

ஐ.பி. முகவரி என்பது வலையில் ஒரு கணினியைக் காட்டும் எண்; போர்ட் என்பது அந்தக் கணினியில் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண். இரண்டு ஐ.பி. முகவரிகளும் அவற்றின் போர்ட்டுகளும் ஒன்றுதானா என்று சி மொழியில் எப்படிப் பார்ப்பது? இதில் மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: போர்ட், முகவரி, வரிசைப்படுத்தல். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் நம் பெரியவர்கள். சாக்கெட் நிரல், அதாவது வலை வழியே பேசும் நிரல், எழுதுகிறவர்களுக்கென்றே சொல்லிவைத்தது போல இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, குறிப்பிட்ட ஒரு கணினியிலிருந்து வரும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, மட்டும் ஏற்கும் நிரல் எழுதினார். ஓடவிட்டால் எல்லாப் பாக்கெட்டையும் தள்ளிவிடுகிறது. நிரலின் குறிப்பேடான லாகைத் திறந்தால், "பொருந்தவில்லை: வந்தது 192.168.1.20, வரவேண்டியது 192.168.1.20". இரண்டும் ஒன்றேதான்! தம்பி ஒப்பிடும் பகுதியை அழித்துத் திரும்ப எழுதினார். கம்பைலரைச் சந்தேகப்பட்டார். நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் மூத்த பொறியாளர் அக்கா ஒருவர் வந்து, "ரெண்டையும் தனித்தனி வரியில் அச்சிடு" என்றார், அவ்வளவுதான். வந்தது 192.168.1.21, வரவேண்டியது 192.168.1.20. நிரலின் ஒப்பீடு முதலிலிருந்தே சரி! முகவரியை எழுத்தாக்கும் ஐநெட் என்டோஏ என்ற ஃபங்ஷன் ஒரே பஃபரில்தான், அதாவது ஒரே நினைவிடத்தில்தான், எழுதும். அச்சிடும் ஒரே பிரின்ட்எஃபில் அதை இரண்டு முறை அழைத்தால், பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே முகவரி தெரியும். கண்ணால் காண்பதும் பொய்! நாமே பஃபர் கொடுக்கும் ஐநெட் என்டோபி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, போர்ட்டுக்கு வருவோம். போர்ட் 16 பிட் எண். முகவரியையும் போர்ட்டையும் சேர்த்து வைக்கும் சாக்கெட் ஸ்ட்ரக்சருக்குள் அது நெட்வொர்க் பைட் வரிசையில், பெரிய பைட் முன்னால் வரும்படி இருக்கும். நம் மேசைக் கணினிகள் பெரும்பாலும் சின்ன பைட்டை முன்னால் வைப்பவை. ஆகவே மாற்றாமல் படித்தால் 80 என்பது 20480 ஆகத் தெரியும், 1024 என்பது 4 ஆகத் தெரியும். "1024-க்குக் கீழே இருக்கிறதா" என்று நேரடியாகச் சோதித்தால் பதில் தலைகீழாக வரலாம். இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் சமமா என்று பார்ப்பதில் தவறில்லை. பெரியதா சிறியதா என்று கேட்கும்போது, நம் கணினியின் வரிசைக்கு மாற்றும் என்டிஓஎச்எஸ் போட்டுவிடுங்கள்.

அடுத்து முகவரி. ஸ்ட்ரக்சர் முழுவதையும், பைட் பைட்டாகப் பார்க்கும் மெம்கம்ப்பில் போட்டு ஒப்பிடுவது பலருடைய வழக்கம். பழைய 32 பிட் முகவரி முறையான ஐ.பி.வி.4-இன் ஸ்ட்ரக்சர் 16 பைட். அதில் கடைசி 8 பைட் வெறும் நிரப்பு. அங்கே பழைய குப்பை கிடந்தால், ஒரே முகவரியையே வேறு என்று சொல்லிவிடும். முதலில் குடும்பம், அதாவது எந்த முகவரி முறை என்பது, அப்புறம் போர்ட், அப்புறம் முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தீர விசாரிப்பதே மெய்!

புதிய 128 பிட் முறையான ஐ.பி.வி.6-இல் இன்னும் விசாரிக்க வேண்டும். எஃப்இ80 என்று தொடங்கும் உள்ளிணைப்பு முகவரி இரண்டு இன்டர்ஃபேஸ்களில், அதாவது கணினியின் இரண்டு வலை இணைப்புகளில், ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அவை இரண்டு வேறு கணினிகளாக இருக்கலாம். எந்த இன்டர்ஃபேஸ் என்று சொல்லும் ஸ்கோப் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வகை இணைப்பையும் ஏற்கும் சாக்கெட்டில் ஐ.பி.வி.4 விருந்தாளி ஐ.பி.வி.6 உருவில் வருவார்: முதல் 80 பிட் பூஜ்யம், அடுத்த 16 பிட்டும் ஒன்றுகள், கடைசி 32 பிட்டில் அவருடைய பழைய முகவரி. குடும்பத்தை மட்டும் பார்த்து "வேறு ஆள்" என்று அனுப்பிவிட்டால், அனுமதிப் பட்டியலில் இருப்பவரே வெளியே நிற்பார்.

இதற்காகத்தான் நான் ஏறும் மேடையிலெல்லாம் மன்றாடுகிறேன். ஐ.பி.வி.6-இன் முதல் வரையறை வந்தது 1995-இல். உலக அளவில் ஒதுக்கத் தயாராக இருந்த ஐ.பி.வி.4 தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டன. இன்னமும் ஆய்வகத்தில் முதல் பயிற்சி ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 கடைசிப் பாடத்தில் ஒரு பத்தி என்றால், மாணவர் 32 பிட் இன்ட் ஒன்றை ஒப்பிட்டுவிட்டு வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். அது அவர் தவறில்லை, நாம் சொல்லிக்கொடுத்த முறை!

மூன்றாவதாக வரிசைப்படுத்தல் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை: எது பெரியது என்று பார்க்க இரண்டு முகவரிகளைக் கழித்து விடையை இன்ட்டில் வைக்காதீர்கள், குறி மாறிவிடலாம். மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம். நேரத்தை மதிக்கும் தலைவர் அவர்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள்.

துறைத் தலைவர் அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். வரும் பருவத்தின் முதல் சாக்கெட் பயிற்சியை ஐ.பி.வி.6-இலேயே கொடுங்கள். இரண்டு முகவரிகளை ஒப்பிடும் ஃபங்ஷனை ஒவ்வொரு மாணவரும் தம் கையால் எழுதி, மேலே சொன்ன ஸ்கோப் எண்ணுக்கும் உருமாறிய ஐ.பி.வி.4 முகவரிக்கும் சோதனை எழுதிக் காட்டட்டும். திருத்தித் தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். நன்றி, வணக்கம்.