கெபி இருந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கப் பள்ளி எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். கண்டிப்பு அதிகம், ஆங்கிலம் நன்றாக வரும், சீருடை கசங்கக் கூடாது, வாசலில் மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த சிறு குகை, இருக்கும், சிஸ்டர் வராந்தாவில் வந்தால் வகுப்பே அடங்கிவிடும். இவற்றில் பாதிக்கு மேல் கட்டணம் கட்டினால் எந்தத் தனியார் பள்ளியிலும் கிடைக்கும். மிஞ்சுவது கெபி. அதை வைத்து ஒரு பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளி என்று சொல்லிவிடலாமா?

பெயரை வைத்தும் சொல்ல முடியாது. இலங்கையில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அரசு உதவி பெற்றுவந்த பெரும்பாலான பள்ளிகளின் நிர்வாகம் அரசிடம் போனது. அவற்றில் பல இன்றும் புனிதர்களின் பெயரோடுதான் நடக்கின்றன. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில மட்டும் வெளியே நின்றன. அரசுப் பணம் நின்றுபோனது, மாணவரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. அந்த நெருக்கடியிலும் பள்ளியைக் கைவிட மறுத்தவர்களுக்குப் பெயர்ப்பலகையைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி பள்ளிகளை நிறுவி நடத்த உரிமை தருகிறது. 28-ஆவது பிரிவோ, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சம்மதம் இல்லாமல் எந்த மாணவரையும் சமய போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அதனால் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருப்பார்கள். மற்றவர்கள் என்று சொல்லிவிட்டேன். பல பள்ளிகளில் எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். ஆனால் கணக்கு ஆசிரியர் பாடம் முடிக்க வேண்டுமென்றால் முதலில் கேட்டு வாங்குவது அந்த நன்னெறி வகுப்பைத்தான்!

உலகெங்கிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இரண்டு கருத்துகளை நம் தாளாளர்கள் அறைச் சுவரில் மாட்டி வைக்கலாம். ஒன்று, இந்தப் பள்ளிகளின் நோக்கம் நிறைவேறுவது ஏறக்குறைய முழுவதும் ஆசிரியர்களின் கையில் இருக்கிறது என்பது. மற்றொன்று, ஏழைகள், குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர்கள், விசுவாசம் என்ற கொடையைப் பெறாதவர்கள் ஆகியோர்மீது தனி அக்கறை வேண்டும் என்பது.

ஆசிரியர் என்றதும் எனக்கு தொன் போஸ்கோ நினைவுக்கு வருகிறார். 1815-இல் பிறந்து, இத்தாலியின் தூரின் நகரில் வேலை தேடி அலைந்த ஏழைப் பையன்களைச் சேர்த்து வளர்த்த குரு அவர். அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து இந்தியாவில் பணியைத் தொடங்கினார்கள். அறிவு, சமயம், அன்பு மூன்றையும் சேர்த்தே அவர் கல்வி என்றார். தப்பு நடந்தபின் பிரம்பை எடுப்பதைவிட, நடக்கும் முன்பே பையன்களோடு இருப்பது அவர் வழி. விளையாட்டு நேரத்திலும் ஆசிரியர் மைதானத்தில் இருக்க வேண்டும், கண்காணிக்க மட்டுமல்லாமல் சேர்ந்து விளையாடவும். பிரம்புக்குப் பேர்போன கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்த நம்மில் பலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கண்டிப்பைவிட இதுவே அந்த மரபின் மையத்துக்கு நெருக்கமானது. பணி நியமனத்தில் சிபாரிசும் சாதியும் புகுந்துவிட்டால் இப்படிப்பட்ட ஆசிரியர் வந்து சேர்வது கடினம்.

இனி சேர்க்கை. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பேனர் கட்டுவது எல்லாப் பள்ளிகளுக்கும் ஆசைதான். அந்த நூறு எப்படி வருகிறது என்பது பெற்றோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடிவில், படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் தந்தையைக் கூப்பிட்டு, "வேறு பள்ளி பாருங்கள், டி.சி. தருகிறோம்" என்று பதமாகச் சொல்வார்கள். எந்தப் பள்ளி செய்தாலும் இது தவறு. காலையில், தன் ஆடுகளைக் கைவிடாத நல்ல ஆயன் உவமையை வாசித்துவிட்டு மாலையில் இதைச் செய்யும் பள்ளியை என்னவென்று சொல்வது? சங்கம் சொன்ன 'தனி அக்கறை'க்கு உரியவர்களில் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்காது. பெரும்பாலும் அம்மா வேலைக்குப் போகிறவர்.

சம்பளம் கொடுக்க வேண்டும், கட்டடம் பழுது பார்க்க வேண்டும், தேர்ச்சி குறைந்தால் அடுத்த ஆண்டு சேர்க்கை விழும் என்று தாளாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், சுயநிதிப் பிரிவுகளில் அந்தக் கவலை இன்னும் அதிகம். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஒரு யோசனை மட்டும் உண்டு. ஆண்டு விழாவில் வாசிக்கும் அறிக்கையில் இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள்: ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அதே பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர். மேடையில் ஆயர் இருக்கும்போதே வாசியுங்கள்.

வணக்கம்.