என் பேருக்கு அர்த்தம் புத்தன்வீடாம்!

மக்களே, வணக்கம். இன்னைக்கு பைக் வீடியோ கிடையாது, செம கடுப்புல இருக்கேன். இந்தா, இந்தக் கப்பைப் பாருங்க. தெரியுதா? சேவியர்னு என் பேரைப் போடச் சொன்னேன். எக்ஸுக்குப் பதிலா ஜே போட்டு அனுப்பியிருக்கான்! 349 ரூவா. திருப்பி எடுத்துக்கோன்னா, "பேரு அடிச்ச சாமான் ரிட்டர்ன் கிடையாது"ங்கான். அது என் பேரே இல்லியேடா!

அந்தக் கோவத்துல ராத்திரி ஒரு மணி வரை உக்காந்து தோண்டினேன். இது பாஸ்க் பேரு. ஸ்பெயின், பிரான்ஸ் ரெண்டுக்கும் நடுவுல பிரனீஸ் மலைப் பக்கம் பேசுற பாஷை, சுத்தியிருக்குற எந்தப் பாஷையோடயும் சொந்தம் கிடையாது. 'எச்செ'ன்னா வீடு, 'பெர்ரி'ன்னா புதுசு. எச்செபெர்ரி தேஞ்சு தேஞ்சு ஷபியேர். புது வீடு! எங்க வீட்டுப் பேரு என்ன? கேட் பெயின்ட் அடிச்ச வீடியோவுல பாத்திருப்பீங்கல்லா, புத்தன்வீடு! புத்தன்னா எங்க ஊர்ப் பேச்சுல புதுசு. அப்போ நான் புத்தன்வீட்டுப் புத்தன்வீடு. ஓடிப்போய் அம்மாட்ட சொன்னா, "கெடந்து உறங்குல மக்கா"ங்கா.

இன்னொண்ணு, நம்ம நாகர்கோவில் கோட்டாறு கோயில் புனித சவேரியாருக்கு அது பேரே இல்ல, ஊரு! 1506-ல, இப்போ ஸ்பெயின்ல இருக்குற நவார்ராவுல அந்தப் பேருள்ள கோட்டையில பொறந்தவரு, வச்ச பேரு பிரான்சிஸ்கோ. கோட்டை அம்மா வழிச் சொத்து. 1622-ல புனிதர் பட்டம் குடுத்த பொறவுதான் ஊர் ஊரா புள்ளைங்களுக்கு இந்தப் பேரு வைக்க ஆரம்பிச்சது.

ஆனா எனக்கு ஆப்பு இங்கதான். அந்தக் காலத்து ஸ்பானிஷ்ல எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' சத்தம். அப்புறம் சத்தம் தொண்டைக்கு எறங்கி 'ஹ' மாதிரி ஆச்சு, எழுத்தும் ஜே ஆயிடுச்சு. ஹவியேர்! போர்த்துகீசியர் மட்டும் 'ஷ'வை விடல. அவங்க கப்பல்லதான் 1542-ல அந்தப் புனிதரு கோவாவுக்கு வந்தாரு. நம்மாளுங்க வாயில சவேரியார் ஆச்சு, எங்க தாத்தா சவரிமுத்து ஆனாரு.

அதனால ஜே தப்புன்னு சொல்லவும் முடியல. அர்ஜென்டினா ஃபுட்பால்காரரு ஹவியேர் மஸ்கெரானோ ஜேதான் போடுவாரு. இன்னொரு ஃபுட்பால்காரரு ஷாபி அலோன்சோ பாஸ்க்காரரு, எக்ஸ்! நான் அலோன்சோ கட்சி. கப்புக்காரன் தெரியாமலே சரியாப் போட்டுட்டானேன்னுதான் இன்னும் எரியுது.

அய்யோ, கூரியர் 60 ரூவா சொல்ல விட்டுட்டேனே! மொத்தம் 409. அம்மா இதுல கடுகு போட்டு வைக்கணும்னு காலையில இருந்து கேட்டுட்டு நிக்கா.