பதில் சொல்ல ஆள் எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நம் சேலம் குகை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்து, சாமி வேடம் போட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு இடம் பிடிக்கிற நேரத்திலும் எங்கள் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மாறிவரும் நம் ஊரில் நிர்வாகம் மக்களை நெருங்கி வந்திருக்கிறதா, விலகிப் போயிருக்கிறதா?" இதுதான் தலைப்பு. விலகித்தான் போயிருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் அழகாக அடுக்கினார். பட்டாவும் சிட்டாவும் கைப்பேசியில் கிடைக்கின்றன, சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் தவம் கிடக்க வேண்டாம், இ-சேவை மையம் போதும், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2025 ஜூலை 15 முதல் தெருவுக்கே அரசுத் துறைகளின் முகாம் வந்தது என்றார். எதையும் மறுக்க மாட்டேன். 2021-ல் அந்தப் பேருந்து வந்த பிறகு, அம்மாப்பேட்டையிலிருந்து கடை வேலைக்குப் போகிற என் சித்தி மகள் மாதக் கடைசியில் யாரிடமும் கைமாற்று கேட்பதில்லை. அதை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

ஆனால் நெருக்கத்தை எதை வைத்து அளப்பது? ஒரு காரியம் நடக்கும்போது எல்லோரும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். நடக்காமல் போனால், ஏன் நடக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் எத்தனை தூரத்தில் இருக்கிறார்? நான் அளப்பது அந்தத் தூரத்தை.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முன்பு குடியிருந்த தெருவில் ஓர் ஐப்பசி மழைக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டு கழிவுநீர் வாசற்படி வரை ஏறிவிட்டது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களை மேடையில் வைத்து அவமானப்படுத்த எனக்கு மனமில்லை. செயலியில் புகார் பதிந்தேன். ஒரு நிமிடத்தில் எண் வந்தது. மூன்றாம் நாள் காலை குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது." அன்றும் நான் செங்கல் மேல் கால் வைத்துத்தான் பள்ளிக்கூடம் போனேன். மறுபடி பதிந்தேன். மறுபடி ஒரு எண், மறுபடி தீர்வு. ஆறு எண்கள் சேர்ந்தன.

அந்தத் தெருவில் பல ஆண்டுகள் ஒரே துப்புரவுப் பணியாளர் இருந்தார். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். எந்த மூடிக்குக் கீழே குழாய் திரும்புகிறது, எந்த வீட்டு வேப்பமரத்து வேர் உள்ளே இறங்கியிருக்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் ஓய்வு பெற்றார். பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஒப்பந்தம் மாறினால் ஆளும் மாறிவிடுவார்கள். குறைந்த கூலிக்கு அத்தனை கடினமான வேலை செய்கிற அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தெருவைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை. கடைசியில் அந்த அண்ணா வீட்டுக்கே போனேன். எழுபதை நெருங்கிய வயதில் சைக்கிள் மிதித்து வந்து, "இங்கதாம்மா, இந்த மூடிய எடுக்கச் சொல்லுங்க" என்று இடத்தைக் காட்டினார். அரை மணி நேரத்தில் அடைப்பு எடுபட்டது. வேர்தான் காரணம். ஆறு புகார் எண்களிலும் அந்த வேர் இல்லை நடுவர் அவர்களே.

அடுத்து ஒரு கையைப் பற்றிச் சொல்கிறேன். சேலத்துக் கொலுசு போகாத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா? செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் பட்டறை பட்டறையாகச் செய்கிறார்கள். வருடக்கணக்கில் வெள்ளிக்கு மெருகு போடுகிறவர்களின் விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் கைரேகை வைக்கும் முறை வந்தது. அப்படி மெருகு போட்ட, எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு ரேகை விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், வேறு விரல் வைத்தார், விழவே இல்லை. கடைக்காரர் அந்தப் பாட்டிக்கு இருபது வருடமாக அரிசி போட்டவர். அவர் சொன்னாராம்: "உங்கள எனக்குத் தெரியும் பாட்டி, மிஷினுக்குத் தெரியலையே."

பிறகு பல கடைகளுக்குக் கண் கருவிழிப் பதிவும் வந்தது, வர முடியாதவர்கள் வேறு ஆளை அனுப்ப எழுதிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் உண்டு. போலி அட்டைகளைத் தடுக்க வேண்டியதும் அவசியம்தான். ஆனாலும் அந்தக் கடைக்காரர் சொன்னதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். இருபது வருடம் பார்த்த மனிதரின் சாட்சி அன்றைக்கு அங்கே செல்லாமல் போனது.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகம் போயிருக்கிறீர்களா? மக்கள் குறைதீர்க்கும் நாள். சங்ககிரியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்பார்கள். மனு வாங்கப்படும், எண் போடப்படும், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்படும். சம்பந்தப்பட்ட துறை எது? பெரும்பாலும் எந்த மேசை மீது புகார் சொன்னோமோ அதே மேசை. அங்கிருந்து பதில் வரும். அந்த வாசலில் இன்னொன்றும் நடக்கிறது. மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீசார் சோதிக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள், அந்தக் காவலர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறையைச் சொல்ல வருகிற ஒருவர் தன்னைக் கொளுத்திக்கொள்ளவும் கூடும் என்று எதிர்பார்த்து ஒரு வாசலுக்குக் காவல் போட வேண்டியிருக்கிறதே, சகோதரரே, இதை எந்தக் கணக்கில் நெருக்கம் என்று எழுதுவீர்கள்?

இந்த ஊருக்கு இது புதிதாக வந்த கேள்வி இல்லை. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. இருபது ஆண்டு கழித்து மாகாணப் பிரதமர், அதாவது முதலமைச்சர் ஆனார். 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்த அவர் தேர்ந்தெடுத்ததும் சேலம் மாவட்டத்தைத்தான். நாட்டை ஆளப் போகிறவர் முதலில் நம் தெருக் குழாய்க்கும் சாக்கடைக்கும் பதில் சொல்லிப் பழகினார். உள்ளாட்சி என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

இப்போது என்ன நிலை? அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சிக்கு ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாநகராட்சியில் 60 வார்டுகள். 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அடுத்து நாம் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19-ல். நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேல் அறுபது வார்டிலும் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது.

அந்த ஐந்து ஆண்டில் ஊர் சும்மா இருந்ததா? ஸ்மார்ட் சிட்டி என்கிற சீர்மிகு நகரத் திட்டம் வந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்தார்கள். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் எழும்பி 2020-ல் திறந்தார்கள். கொரோனா வந்தது, தெருக்களைத் தகரம் வைத்து அடைத்தார்கள். சேலம் இவ்வளவு வேகமாக மாறிய காலத்தில், வீட்டுக் கதவைத் தட்டி "என்னங்க இது?" என்று கேட்க ஒரு கவுன்சிலர் வீடு இல்லை. பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீட்டை 2016-லேயே சட்டமாக்கினார்கள். அந்தப் பெண்கள் மாமன்றத்துக்குள் நுழைய ஆறு வருடம் காத்திருந்தார்கள்.

கவுன்சிலர்கள் எல்லோரும் உத்தமர்களா என்று எதிரணியில் கேட்பார்கள். இல்லை. ஆனால் மோசமான கவுன்சிலர்கூட கல்யாண வீட்டுக்கு வந்தாக வேண்டும், சாவு வீட்டில் உட்கார்ந்தாக வேண்டும், டீக்கடையில் நம் கண்ணில் பட்டாக வேண்டும். கேட்க வேண்டியதை அங்கே வைத்துக் கேட்டுவிடலாம்.

முகாமைப் பற்றி ஒரே வார்த்தை. எல்லாத் துறையும் ஒருநாள் நம் தெருவில் மேசை போட்டு உட்கார்ந்தது. நல்லது. மறுநாள் அந்த மேசைகள் எங்கே போயின என்றுதான் கேட்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஏற்காட்டைச் சொல்லாமல் இறங்க மாட்டேன், இரண்டு நிமிடம் கொடுங்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் வாழ்கிற மலையாளி மக்கள் தமிழ் பேசுகிற பழங்குடிகள். கேரளத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மற்ற சாதிச் சான்றுகள் வட்டாட்சியர் அளவில் முடிந்துவிடும். பழங்குடிச் சான்றுக்கு அவருக்கும் மேலே உள்ள கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். என்னிடம் படித்த மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுடைய அப்பா காப்பித் தோட்டத்துக் கூலி. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, "பரிசீலனையில் உள்ளது" என்ற வரியை ஒரு கணினித் திரையில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஏறிப் போகிறார். யார் பரிசீலிக்கிறார், என்ன குறைகிறது என்று சொல்ல அந்தத் திரைக்குத் தெரியாது.

இதே மக்களுக்காகத்தான் 2006 வன உரிமைச் சட்டம் வந்தது. நில உரிமை கோரும் மனு முதலில் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஊர் கூடி, இவர் இங்கே உழுதவர், எங்களுக்குத் தெரியும் என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. கடைக்காரருக்குக் கிடைக்காத சாட்சி உரிமையை ஊருக்குக் கொடுத்த சட்டம் அது. அந்தக் கிராம சபைக்குத் தலைவர் யார்? நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. அந்த நாற்காலியில் அரசு நியமித்த தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணி வண்டிக்கு மலையேறுகிறேன். எதிரணிச் சகோதரரே, உங்களுக்கும் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன், வாருங்கள்.

வணக்கம்.